தப்பான யானைக்கு ஊற்றிய தண்ணீர்

ரங்கூனில் பிறந்து ரங்கூனிலேயே தலை நரைத்தவன் நான். சூர்த்தி பஜார் பக்கத்தில் சின்னதாக ஒரு மசாலாக் கடை வைத்திருக்கிறேன். அந்தச் சந்தைக்கு இப்போது தெயின்ஜி சே என்று பெயர். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயில் கடைசிவரை சூர்த்திதான். 2019 பொங்கலுக்குச் சித்தப்பா வந்து பத்து நாள் தங்கிவிட்டுப் போனார். அதற்கு முந்தின நாள் யாராவது என்னிடம் கேட்டிருந்தால், இந்த ஊரில் எனக்குத் தெரியாத சங்கதி எதுவும் இல்லை என்று பந்தயமே கட்டியிருப்பேன்.

சித்தப்பா 1969இல், பதினாலு வயதில், தாத்தா அப்பத்தாவோடு கப்பலேறியவர். அம்மாவின் பிறந்த வீடு இங்கே இருந்ததால் அப்பா மட்டும் தங்கிவிட்டார். அவர்கள் போய் வியாசர்பாடியில், பர்மாவிலிருந்து திரும்பிய மற்ற குடும்பங்களோடு குடியேறினார்கள். ஐம்பது வருடம் கழித்து, சித்தியையும் பதினோரு வயதுப் பேரனையும் கூட்டிக்கொண்டு கல்கத்தாவில் விமானம் மாறி வந்து இறங்கினார். பேரன் என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவான். கூப்பிட்டால் அடுத்த வார்த்தை "ஏன்" என்றுதான் இருக்கும்.

மூன்றாம் நாள் சித்தி ஊருக்குக் கொண்டுபோகக் காய்ந்த இறால் வேண்டும் என்றார். சந்தைக்குப் போனோம். கடைக்காரப் பெண் விலை சொன்னாள். நான் தமிழில் சொன்னேன். சித்தி மனக்கணக்கில் அதை ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மெட்ராஸ்லயே வாங்கிக்கலாம்" என்று நடையைக் கட்டினார். அடுத்த கடையிலும் அதே கதை, அதற்கடுத்த கடையிலும் அதே. வெறுங்கையோடு வீடு திரும்பிக் காபி குடிக்கும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. கடைகளில் சொன்னது ஒரு பெய்த்தாவின் விலை. சித்தி காதில் விழுந்தது ஒரு கிலோவின் விலை. பெய்த்தா என்பது 1.63 கிலோ. நான் விலையை மட்டும் மொழிபெயர்த்தேன், எடையை மொழிபெயர்க்க மறந்துவிட்டேன்.

"பெய்த்தா என்னடா பெய்த்தா, வீசைன்னு சொல்லு" என்றார் சித்தப்பா.

வீட்டில் நாங்களும் வீசை என்றுதான் சொல்வோம். அது பர்மாக்காரர்களின் எடைக்கு இங்குள்ள தமிழர்கள் வைத்துக்கொண்ட பெயர் என்பது என் நினைப்பு. சித்திதான் அதைக் கலைத்தார். "எங்க பாட்டி ரெண்டு வீசை புளி, ஒரு வீசை கத்திரிக்கான்னுதான் சொல்லும். எட்டு வீசை ஒரு மணங்கு" என்றார். வெள்ளைக்காரன் தன் கணக்கில் 'விஸ்' என்று எழுதி வைத்ததும் நம் வீசையைக் கேட்டுத்தான். சரி, அப்படியானால் இரண்டும் ஒரே எடையா? பரணில் அப்பாவின் பழைய கணக்கு நோட்டு ஒன்று கிடந்தது. கரப்பான் அரித்த அட்டை, உள்ளே ஊதா மை. முதல் பக்கத்திலேயே அவர் எழுதி வைத்திருக்கிறார்: 'இவ்விட வீசை 140 தோலா. ஊர் வீசை 120.' அந்த நோட்டை நான் நூறு தடவையாவது கையில் எடுத்திருப்பேன். அந்த வரியை வாசித்ததில்லை.

தோலா 11.66 கிராம். ஆக ஊர் வீசை 1.4 கிலோ, ரங்கூன் வீசை 1.63 கிலோ. பெயர் ஒன்று, நடுவில் கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம். ஊரிலிருந்து புதிதாக வந்த எத்தனை பேர் இதில் லாபமோ நஷ்டமோ பார்த்திருப்பார்களோ!

இங்கே சந்தைக்கு வருகிறவர்களுக்கு இப்போது நான் சொல்லும் சுருக்குவழி இது. வீசை விலையைக் கேட்டதும் அதில் பத்தில் ஆறு பங்கு போடுங்கள், ஏறக்குறைய கிலோ விலை வந்துவிடும். ஒரு வீசைக்கு 100 சத்தா. அரைக் கிலோ வேண்டுமானால் 30 சத்தா கேளுங்கள், சரியாக இருக்கும். கால் வீசை என்றால் 400 கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். தங்கமும் இதே சத்தாக் கணக்கில்தான். ஒரு சத்தா 16.33 கிராம், அதாவது நம் இரண்டு பவுனைவிட ஒரு பொட்டு கூட. இதைச் சொன்ன பிறகு சித்தி நகைக்கடைப் பலகையைப் பார்த்து மலைப்பதை நிறுத்தினார். இறாலையும் மறுநாள் போய் வாங்கி வந்தோம், இரண்டு வீசை.

எடையில் பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. பொங்கலன்று சித்தி "ரெண்டு படி பச்சரிசி வாங்கிட்டு வா" என்றார். நான் போய் இரண்டு பியி வாங்கி வந்தேன். எங்கள் பேச்சில் பியியைப் படி என்றுதான் சொல்லிப் பழக்கம். ஊர்ப்படியைவிடப் பியி பெரியது. ஒரு பியி அரிசி இரண்டு கிலோவுக்கு மேலே நிற்கும். சித்தி படிக்கணக்கை நம்பித் தண்ணீர் வைத்து, அரிசி முழுவதையும் போட்டுவிட்டார். பானை பொங்கியது, அடுப்பை அணைத்தது, அப்புறமும் பொங்கியது. "பொங்கினா நல்லதுதானே" என்று சித்தப்பா சிரித்தார். அக்கம்பக்கம் பதினோரு வீட்டுக்குக் கொடுத்தும் மீந்தது.

பையன் அந்த இரண்டு பியியை எப்படி அளந்தார்கள் என்று கேட்டான். பால் டப்பாவில் என்றேன். கெட்டிப்பால் வருகிற அந்தத் தகர டப்பாதான் இங்கே அரிசிக்கு அளவை. எட்டு டப்பா ஒரு பியி, பதினாறு பியி ஒரு கூடை. சித்தப்பா உடனே விரலை மடக்கினார்: எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆழாக்கு இருந்த இடத்தில் பால் டப்பா வந்து உட்கார்ந்திருக்கிறது, எட்டு என்ற கணக்கு அப்படியே. இதில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். சிலர் டப்பாவைத் தலைதட்டி அளப்பார்கள், சிலர் குவித்து அளப்பார்கள். விலையைப் பேசும் முன்னால் அளக்கிறவரின் கையைப் பாருங்கள்.

அன்று சாயங்காலம் சித்தப்பாவுக்கு அத்தோ ஆசை வந்துவிட்டது. சென்னையில் பர்மா பஜார் பக்கத்தில் விற்கும் அந்த ஆரஞ்சு நிற நூடுல்ஸ்தான் அவருக்கு அத்தோ. தெருமுனைக் கடையில் போய் உட்கார்ந்து, ஐம்பது வருடத்துக்கு முந்திய பர்மியத்தில் கம்பீரமாக "அத்தோ ஒன்று" என்றார். அந்தப் பெண் "என்ன அத்தோ?" என்றாள். இவர் "அத்தோதான்" என்றார். இந்த ஊரில் அத்தோ என்றால் கையால் பிசைந்து கலந்தது, அவ்வளவுதான். நூடுல்ஸிலும் உண்டு, சமோசாவிலும் உண்டு, தக்காளியிலும் உண்டு, இஞ்சியிலும் உண்டு. நம் ஓட்டலுக்குள் நுழைந்து "பொரியல் ஒன்று" என்று கேட்டுவிட்டு, என்ன பொரியல் என்று சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் எப்படி? அதேதான். கப்பலில் போகும்போது கூட்டுச்சொல்லின் பாதி இங்கேயே தங்கிவிட்டது. பேஜோ மட்டும் முழுசாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பே என்றால் பயறு பருப்பு, ஜோ என்றால் பொரித்தது.

கடைசியில் அந்தப் பெண் அவளாகவே ஒரு தட்டு லப்பே தோ கொண்டுவந்து வைத்தாள். புளிக்கவைத்த தேயிலை, வறுத்த பருப்பு வகைகள், பூண்டு, எள், காய்ந்த இறால், எண்ணெய், எலுமிச்சை. கனியில் மாம்பழம், கறியில் பன்றி, இலையில் லப்பே என்று பர்மாக்காரர்கள் சொல்வார்கள். அந்தக் காலத்தில் வழக்குத் தீர்ந்ததும் இரு தரப்பும் லப்பே தின்றால் தீர்ப்பை ஒப்புக்கொண்டதாக அர்த்தமாம். சித்தப்பா சின்ன வயதில் இதைச் சாப்பிட வீட்டில் விட்டதில்லை. இப்போது கேட்க ஆள் இல்லை. ஒரு தட்டு முடித்தார், இன்னொன்று சொன்னார். மணி ஒன்பது. நானும் தடுக்கவில்லை. தினமும் நான் தின்பதுதானே?

ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால், வராந்தாவில் சித்தப்பா கண்ணை அகல விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "படபடன்னு வருதுடா தம்பி, தூக்கமே இல்ல" என்றார். எனக்கு முதலில் பயம். அப்புறம்தான் விளங்கியது. லப்பே என்றால் தேயிலை. டீயில் இருக்கும் காஃபீன் அத்தனையும் அந்த இலையிலும் உண்டு. டீ குடிக்கும்போது சாற்றைக் குடித்துச் சக்கையைக் கொட்டுகிறோம், இதில் சக்கையோடு விழுங்குகிறோம். எங்களுக்குப் பழகிவிட்டது. இரண்டு தட்டு ஒன்பது மணிக்கு என்றால் புதியவருக்கு விடியவிடியச் சிவராத்திரிதான். பர்மியப் பிள்ளைகள் பரீட்சைக்குக் கண்விழிக்க லப்பே தின்பதைக் கண்ணால் பார்த்தும் இது எனக்கு உறைத்ததில்லை. விருந்தாளிக்குக் கொடுப்பதானால் மத்தியானத்தில் கொடுங்கள்.

சாப்பாட்டுச் சங்கதியில் இதைவிடக் கடுமையான ஒன்று உண்டு, எனக்கே நடந்தது. டஞின் என்று ஒரு பெரிய கொட்டை, நாற்றம் பிடித்தது, வேகவைத்து மீன் குழம்போடு தொட்டுக்கொள்வார்கள். இருபது வயதில் கூட்டாளிகளோடு பந்தயம் வைத்து ஒரு கிண்ணம் தின்றேன். மறுநாள் சிறுநீர் வராமல், வந்தால் உயிர் போகும் வலியோடு துடித்தேன். அதில் உள்ள ஒரு அமிலம் ஊசி ஊசியாகப் படிந்து சிறுநீர்ப் பாதையைக் குத்துகிறது என்று டாக்டர் சொன்னார். நன்றாக வேகவைத்து, ஒன்றிரண்டோடு நிறுத்தி, நிறையத் தண்ணீர் குடித்தால் ஆபத்து குறையும். நான் அந்த ஒன்றிரண்டையும் விட்டுவிட்டேன்.

வராந்தாவுக்கு வருகிறேன். தூக்கம் வராதவருக்கு நினைவு வரும். சித்தப்பா பழைய கதைகளை அவிழ்த்தார். 1964 மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த அன்று தாத்தா சோற்றுத்தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனதைச் சொன்னார். நான் 1987 செப்டம்பர் 5ஐச் சொன்னேன். அன்று 25, 35, 75 சாட் நோட்டுகள் ஒரே அடியாகச் செல்லாமல் போயின. மாற்றியும் தரவில்லை. எனக்கு 21 வயது, மாமாவின் தட்டுக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். அப்பா அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தது எல்லாம் 75 சாட் நோட்டு. அப்புறம் வந்த புது நோட்டுகள் 45, 90. அப்போது நாட்டை ஆண்ட ஜெனரல் நே வினுக்கு ஒன்பது ராசியான எண், இரண்டும் ஒன்பதில் வகுபடும். வியாபாரியைக் கேட்டால்தான் தெரியும் அந்தச் சில்லறைக் கொடுமை. 45ஆம் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்த தலைமுறை உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம். அந்தப் பானையிலிருந்து எடுத்த ஒரு 75 சாட் நோட்டு இன்னும் என் கடை மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது, அரிசித்தூசி படிந்தபடி.

பேச்சு எங்கெங்கோ சுற்றி நான் பிறந்த நாளுக்கு வந்தது. "உன்னைய எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பள்ளிக்கூடத்துலேருந்து மத்தியானச் சோத்துக்கு வந்தேன். தின்னுட்டுக் கைகூடக் கழுவல, உள்ள நீ அழுத. புதன்கிழமை. பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதுன்னு அப்பத்தா சொல்லிச்சு" என்றார்.

"மத்தியானமா?" என்றேன். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சித்தப்பா. சோத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"அதான் கை கழுவலைங்கிறேனே."

நான் ஏன் அப்படிக் குடைந்தேன் என்று ஊரிலிருந்து வந்தவருக்குப் புரியவில்லை. இங்கே வாரத்துக்கு ஏழு நாள்தான், ஆனால் பிறந்த கிழமை எட்டு. புதன்கிழமையை நண்பகலில் வெட்டி இரண்டாக்கியிருக்கிறார்கள். காலையில் பிறந்தால் புதன், மத்தியானத்துக்கு மேல் பிறந்தால் ராகு. ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு திசையும் ஒரு பிராணியும் உண்டு. ஞாயிறுக்குக் கருடன், திங்களுக்குப் புலி, செவ்வாய்க்குச் சிங்கம், வியாழனுக்கு எலி, வெள்ளிக்கு வாலில்லாத பெருச்சாளி மாதிரி ஒன்று, சனிக்கு நாகம். புதன் காலைக்குத் தந்தமுள்ள யானை, புதன் பிற்பகலுக்குத் தந்தமில்லாத யானை. ஷ்வேடகோன் பகோடாவைச் சுற்றி எட்டு இடத்தில் இவற்றுக்கான மேடைகள் இருக்கின்றன. அவரவர் கிழமை மேடையில் உள்ள புத்தருக்குத் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். எங்களைப் போன்ற தமிழர்களும் செய்வோம். கொன்ஸேடான் தெருக் காளியம்மனையும் கும்பிடுவோம், பகோடாவிலும் தண்ணீர் ஊற்றுவோம். யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

நான் புதன் என்று தெரியும். தமிழில் புதன் ஒன்றுதானே? அம்மா "புதன்" என்றதும், பக்கத்து வீட்டுப் பர்மிய அம்மா எனக்கு வகரத்தில் தொடங்கும் பர்மியப் பெயரை வைத்தார். காலையா மாலையா என்று அவர் கேட்கவில்லை, கேட்க வேண்டிய விஷயம் அது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து தெற்கு மேடையில், தந்தம் வைத்த யானைக்கு மேலே ஊற்றிக்கொண்டிருக்கிறேன். என் யானை வடமேற்கில் ஐம்பது வருடமாகக் காய்ந்து கிடக்கிறது.

பெயர்ச் சங்கதியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் எழுத்துவரிசை தெரிந்தவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் பிடிபடும். உயிரெழுத்தில் தொடங்கும் பெயர் ஞாயிறு. கவர்க்கம் திங்கள். சவர்க்கம் செவ்வாய். ல, வ புதன் காலை. ய, ர ராகு. பவர்க்கம், அதாவது ப, ம முதலியவை வியாழன். ஸ, ஹ வெள்ளி. தவர்க்கம், த, ந எல்லாம் சனி. பர்மிய 'ஸ' வாயில் நாக்கைக் கடித்த 'த' மாதிரி ஒலிக்கும், அதில் மட்டும் ஏமாறக் கூடாது. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்ட் பெயர் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது; முன்னால் வரும் 'ஊ' நம் 'திரு' மாதிரி, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவர் பிறந்த 1909 ஜனவரி 22 வெள்ளிக்கிழமை. பிரதமராக இருந்த ஊ நூ பிறந்தது 1907 மே 25, சனிக்கிழமை. பையன் போனில் பழைய காலண்டரைப் போட்டுப் பார்த்துத் துள்ளினான். அன்றிலிருந்து கடைக்கு யார் வந்தாலும் பெயரைக் கேட்டுக் கிழமையைச் சொல்வது அவன் விளையாட்டாகிவிட்டது. பாதிக்கு மேல் சரியாகவே வந்தது. இப்போதெல்லாம் பிடித்த பெயரை வைப்பவர்களும் இருக்கிறார்கள், அங்கேதான் சறுக்கும்.

சித்திக்கு வேறு ஒன்று தோன்றியது. "திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்று ராகுகால வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே விரலை எண்ணினார். புறப்பட்டு, புதன், பன்னிரண்டு மணி. "நமக்கும் புதன் ராகு பன்னெண்டு மணிக்குத்தானே ஆரம்பிக்குது! ஒன்றரைக்கு முடிஞ்சிடும், இவங்களுக்கு முடியவே இல்ல போல" என்றார். இந்த இரண்டையும் முடிச்சுப் போட நான் தயாரில்லை. ஆனால் அந்த வாய்ப்பாட்டைப் பள்ளிக்கூட வயதிலிருந்து சொல்லிவருகிறவன், பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் போனேனே என்று இருந்தது.

இங்கே பிள்ளை பெறுகிற தமிழ்க் குடும்பங்களிடம் அதனால்தான் சொல்கிறேன். புதன்கிழமை என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். பாட்டிமார்களிடம் கிழமையை மட்டும் கேட்காதீர்கள், சோற்றுக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள்.

தூங்காத கண்ணோடு மறுநாள் காலை சித்தப்பா ரோட்டைக் கடக்கப்போனார். வலது பக்கம் நன்றாகப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை, காலை எடுத்து வைத்தார். இடது பக்கமிருந்து வந்த டாக்சி கிறீச்சென்று நின்றது. அவர் கப்பலேறியபோது இங்கே வண்டிகள் இடது பக்கம் ஓடின. 1970இல் வலது பக்கம் மாற்றினார்கள். ஜோசியர் சொல்லித்தான் மாற்றினார்கள் என்று இன்னும் ஊரில் பேச்சு உண்டு. ரோடு மாறியது, வண்டி மாறவில்லை. ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்களுக்கு ஸ்டீயரிங் வலது பக்கமேதான். முன்வண்டியை முந்தும்போது ஓட்டுநருக்கு எதிரே வருவது தெரியாது, இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்வார். முன்பெல்லாம் பஸ்ஸில் இன்னும் வேடிக்கை. கதவு இடது பக்கம், இறங்கினால் நடுரோடு. ஊரிலிருந்து வருகிறவர்கள் முதலில் இடது பக்கம் பாருங்கள், டாக்சியிலிருந்து வலது கதவு வழியாக இறங்குங்கள். பையனுக்கு ரங்கூனில் மோட்டார் பைக் ஏன் ஒன்றுகூட இல்லை என்று அப்போதுதான் கேட்கத் தோன்றியது. நகரத்துக்குள் தடை, பல வருடமாக. நான் அதைத் தடை என்றே நினைப்பதில்லை. இங்கே பைக் கிடையாது, அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன்.

தனாக்காவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சித்தி கோபித்துக்கொள்வார். இங்கே பெண்களும் பிள்ளைகளும் கன்னத்தில் பூசும் அந்த மஞ்சள்வெள்ளைக் குழம்புதான் தனாக்கா. கட்டையைக் கல்லில் தண்ணீர் விட்டு இழைப்பார்கள். கல்லைச் சுற்றி நீர் வடிய ஒரு பள்ளம் இருக்கும். சித்தி முதல் நாளே "நம்ம சந்தனக்கல்தான்" என்று இழைத்துப் பார்த்தார். என் மனைவி தொட்டியில் ஒரு தனாக்காச் செடி வளர்க்கிறாள். சித்தி அதன் இலையைத் திருப்பிப் பார்த்தார். இலைக்காம்பின் இரண்டு பக்கமும் சின்னச் சிறகு மாதிரி விரிந்திருக்கும், ஒரு காம்பில் ஐந்தாறு இலை. கசக்கி மோந்தார். "இது மகாவில்வம்டி. எங்க சிவன் கோயில் நந்தவனத்துல இருக்கு" என்றார். நம் ஊரில் இலையைப் பறித்து ஈசனுக்குப் போடுகிறோம், இவர்கள் பட்டையை இழைத்து முகத்தில் போடுகிறார்கள். என் மனைவி அன்றிலிருந்து பிரதோஷத்துக்கு அதில் நாலு இலை பறிக்கிறாள். செடி பாவம், மெலிந்துகொண்டே வருகிறது.

புறப்படுவதற்கு முந்தின நாள் எல்லோரும் ஷ்வேடகோன் போனோம். செருப்பைப் படியடியிலேயே கழற்ற வேண்டும், காலுறையும் ஆகாது. வெயில் ஏறிவிட்டால் பளிங்கு சுடும், விரிப்பு போட்ட இடமாகப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். நாங்கள் காலை எட்டு மணிக்கே போய்விட்டோம். சித்தப்பா சனிக்கிழமை, தென்மேற்கில் நாகத்திடம் போனார். நான் பழக்கத்தில் தெற்கே இரண்டடி வைத்துவிட்டேன், பையன்தான் சட்டையைப் பிடித்து இழுத்தான். வடமேற்கு மேடையில் கூட்டம் குறைவு. யானைக்குத் தந்தம் இருக்க வேண்டிய இடத்தைக் கையால் தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. வயதைவிட ஒரு குவளை கூட ஊற்றினேன். பாக்கியை எப்படிக் கணக்குப் போடுவது என்று தெரியவில்லை.

"பெரியப்பா, நானும் புதன்தான்" என்றான் பையன். அதுவரை அவன் சொல்லவே இல்லை.

காலையா மாலையா? சித்தி மருமகளுக்குப் போன் போட்டார். சென்னையில் அப்போதுதான் ஏழே கால், பாதித் தூக்கத்தில் எடுத்திருப்பாள் போல. "பதினொண்ணு நாப்பது, அத்தை. ஆஸ்பத்திரிச் சீட்டுலயே இருக்கு" என்றாள். சரி, காலை. தந்தமுள்ள யானை. தெற்குப் பக்கம் நடக்கத் தொடங்கினோம். பையன் மட்டும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வந்த அன்றைக்கு நான்தான் அதில் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக் கொடுத்திருந்தேன்.

"அங்க பதினொண்ணு நாப்பதுன்னா இங்க பன்னெண்டு நாப்பது. அப்ப நான் எந்த யானை?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் மேடையருகே உட்கார்ந்திருந்த பர்மியப் பெரியவரைப் பார்த்து, பையனின் கேள்வியை அவருக்குச் சொன்னேன். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கி, வெகுநேரம் யோசித்து, கடைசியில் பையனிடம் இரண்டு குவளைகளை நீட்டினார்.